உள்ளம் நோயுற்றால் யாரை நாடுவது?

நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் அருமை மைந்தர் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரால் நெடுங்காலம் வருந்திப் பார்வையையே இழந்தார்கள் என்று திருமறை எடுத்துரைக்கின்றது. பேறுகால வேதனை மேலிட்ட வேளையில் மர்யம் (அலை) அவர்கள் தம் வாழ்வையே நொந்துகொண்டதையும் அத்திருமறை மறைக்கவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்களும், பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டினைப் பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றில் துயர ஆண்டு என்றே நம் முன்னோர் பெயரிட்டு அழைத்தனர்.

இறைவனால் தேர்ந்தெடுக்கப்பெற்ற இப்பெருமக்களின் துயரத்தை ஈமானின் குறைவு என்று சொல்ல எவரேனும் துணிவாரா? ஒருவரும் துணியார். ஆனால், அதே துயரம் நம் வீட்டிற்குள் நுழையும்போது நாம் என்ன சொல்லுகின்றோம்? கல்லூரிக்குச் சென்றுகொண்டிருந்த மகன் திடீரென்று அறைக்குள் முடங்கிக் கிடந்தால் அது திமிர். பிள்ளை பெற்ற மருமகள் காரணமின்றி அழுதுகொண்டேயிருந்தால் அது கண்ணேறு. ஒளுச் செய்த உறுப்புகளையே மீண்டும் மீண்டும் கழுவி, ஜமாஅத்துத் தொழுகையைத் தவறவிடும் பெரியவரிடம் காண்பது பேணுதல். நாம் இடும் பெயர்கள் இவை. நோய்க்கு நோய் என்று பெயரிட மட்டும் நாவு எழுவதில்லை.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் 2015-16ஆம் ஆண்டுகளில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வினை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒருவகை மனநோயால் அப்போது துன்புற்று வந்தனர் என்று அது கண்டறிந்தது. நோயின் வகைக்கேற்ப, அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை என்பதும் அதன் முடிவு. நம் தெருவிலும் நம் மஹல்லாவிலும் உள்ளோர் இக்கணக்கிற்கு விலக்கானவர் அல்லர்.

ஆகவே, உள்ளம் நோயுற்றால் தகுதி பெற்ற ஒருவரை நம் ஊருக்கு அருகிலேயே தேடிக் கண்டறிவது எவ்வாறு என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் ஒவ்வோர் இல்லத்தாருக்கும் கடமையாகும்.

முன்னோர் காட்டிய வழி

மனோதத்துவ சிகிச்சை, அதாவது உளவியல் சிகிச்சை, மேல்நாட்டார் கொணர்ந்த புதுமை என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. இன்றைய ஆப்கானிஸ்தானத்தைச் சேர்ந்த பல்கு நகரப் பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்து, 934ஆம் ஆண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் பற்றி ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை மறந்த மருத்துவர்களை அவர் கடிந்துகொண்டார். அச்சம், சினம், துயரம், வஸ்வாஸ் என்னும் ஓயாத ஐயம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் சூழும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். உடல் நலமாயிருக்கும் காலத்திலேயே மருந்தை வீட்டில் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும் காலத்திலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கூறிய அறிவுரை. எண்ணத்தால் எண்ணத்தைத் திருத்தும் முறை இருபதாம் நூற்றாண்டில் புகழ்பெறுவதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாறு எழுதப்பட்டது வியப்பன்றோ!

ஏட்டளவில் நின்றுவிடவில்லை இச்சிந்தனை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதி இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488ஆம் ஆண்டில் கட்டி முடித்த மருத்துவமனையில் நீரின் ஒலியும் இசையும் நோயாளரைத் தேற்றப் பயன்பட்டன. துயருற்றோர் இல்லத்தில் வாற்கோதுமையால் ஆன தல்பீனா என்னும் கஞ்சியைச் செய்து பருகச் செய்வது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம் என்றும், அது நோயுற்ற நெஞ்சுக்கு ஆறுதல் தரும் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னையார் அறிவித்தார்கள் என்றும் ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. துயருற்றவருக்காக இறைஞ்சுவதோடு, அவருக்கு ஆவன செய்வதும் நம் மார்க்கத்தின் மரபேயாகும்.

ஏர்வாடி தந்த பாடம்

இந்த மரபினை மறந்ததால் விளைந்தது யாது? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு, தர்காவை நாடி, எல்லாச் சமயத்தாரும் மனநோயாளரை அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். அழைத்து வந்த உறவினர் பலர், நோயாளரை அங்கிருந்த தனியார் காப்பகங்களில் விட்டுச் சென்றனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் விடியற்காலையில், கூரை வேய்ந்த அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. உச்ச நீதிமன்றமே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வூரின் தனியார் காப்பகங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர்.

அவர்களை அங்கே விட்டுச் சென்றோர் அனைவரும் கல்நெஞ்சரா? அல்லர். எங்கே செல்வதென்று அறியாதவர்கள். ஊரார் பேச்சுக்கு அஞ்சியவர்கள். ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சோர்ந்தவர்கள். அருகிலேயே தகுந்த மருத்துவர் இருப்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தால், அவர்களுள் பலர் தம் மக்களை இத்துணைத் தொலைவில் விட்டிருக்க மாட்டார்கள்.

இதன்பின் நல்லதொரு மாற்றமும் நிகழ்ந்தது. குஜராத்து மாநிலத்து உனாவா கிராமத்தில் உள்ள மீரா தாதார் தர்காவில், மருந்தும் பிரார்த்தனையும் இணைந்து செல்லும் 'தவா-துஆ' என்னும் திட்டம் நடைபெற்றது. அவ்வழியிலேயே தமிழ்நாட்டு அரசும் ஏர்வாடியில் மனநல மருத்துவ உதவிக்கு வழி செய்தது. துஆ கேட்க வருவோர் மருத்துவரையும் கண்டு செல்லலாம். ஒன்றைப் பிடிப்பதற்கு மற்றொன்றை விட வேண்டியதில்லை.

யார் யார் என அறிக

மனநலத் துறையில் பணிபுரிவோர் பலவகையினர். முதலாமவர் மனநல மருத்துவர். இவர் எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்து, அதன்மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற பட்டமோ பட்டயமோ பெற்றவர். மருந்து எழுதித் தரும் உரிமை உடையவர். உறக்கம் முற்றிலும் கெட்டவர், பிறர் செவிக்குக் கேளாத குரல்களைக் கேட்பவர், எவரோ தம்மைக் கொல்ல வருவதாக நடுங்குபவர், உணவை வெறுத்து மெலிபவர் ஆகியோரை முதலில் இவரிடமே அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாமவர் மருத்துவ உளவியலாளர். உளவியலில் பட்டம் பெற்று, நோயாளரிடையே மேற்பார்வையுடன் பயிற்சியும் பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டவர். இவர் மருந்து தருவதில்லை. சோதனைகள் வாயிலாகவும், முறைப்படி அமைந்த உரையாடல் வாயிலாகவும் சிகிச்சை அளிப்பவர். மூன்றாமவர் மனநலச் சமூகப் பணியாளர். நோயாளரின் குடும்பம், தொழில், அரசின் உதவித்தொகை முதலியவற்றில் துணை நிற்பவர்.

இவர்களுக்கு அப்பால், 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொண்டோரும் உளர். அவர்களுள் முறையாகப் பயின்ற நல்லோரும் உண்டு. சில நாள் வகுப்போடு தொழிலைத் தொடங்கியவரும் உண்டு. எனவே பலகையைக் கண்டு நம்பிவிடாது, படிப்பையும் பதிவையும் கேட்டறிதல் வேண்டும்.

எங்கே தேடுவது?

முதல் இடம் அரசு மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத்திற்கெனத் தனிப்பிரிவு உண்டு. முன்பு மதுரைக்கும் தஞ்சைக்கும் சென்றே தீரவேண்டிய நிலையிலிருந்த இராமநாதபுரம், நாகப்பட்டினம் மாவட்டத்தாருக்கும், 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளால் வழி குறுகியுள்ளது. தலைநகரில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உள்ளது. 1794ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் நிறுவனம் அது. 'கீழ்ப்பாக்கம்' என்னும் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கி வைத்துள்ள நம் வழக்கம் நாணத்தக்கது.

இரண்டாவது, மாவட்ட மனநலத் திட்டம். 1996ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதலாவதாக நான்கு மாவட்டங்களில் இது தொடங்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்று நம் திருச்சி. இத்திட்டத்தின்கீழ் மனநல மருத்துவக் குழுவினர் வட்ட மருத்துவமனை முதலிய இடங்களுக்கும் குறித்த நாள்களில் வருகின்றனர். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, 'மனநல மருத்துவர் எந்தக் கிழமையில் வருவார்?' என்று கேட்டால் போதும்.

மூன்றாவது, தொலைபேசி. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். உங்கள் பகுதியில் யாரைக் காண்பதென்று கேட்டுக்கொள்ளவும் இவ்வெண் பயன்படும். வெளியே செல்ல வழியில்லாத பெண்மணிக்கும், பெற்றோரிடம் சொல்ல அஞ்சும் மாணவனுக்கும் இது பேருதவியாகும்.

நான்காவது, தொண்டு நிறுவனங்கள். டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984ஆம் ஆண்டில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' மனச்சிதைவு நோயாளருக்காகச் சென்னையில் பணியாற்றி வருகின்றது. 1986ஆம் ஆண்டு முதல் 'சினேகா' அமைப்பு, வாழ்வை வெறுத்தோரின் துயரத்திற்குச் செவி கொடுத்து வருகின்றது. இவை எவையும் கைக்கெட்டாவிடில், நீங்கள் வழக்கமாகக் காணும் குடும்ப மருத்துவரிடமே மனம் திறந்து சொல்லுங்கள். அவர் உரியவரிடம் அனுப்பி வைப்பார்.

முதல் நாளில் கேட்க வேண்டியவை

பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் எத்துணைக் கேள்விகள் கேட்கின்றோம்! உள்ளத்தை ஒப்படைக்கும் முன் ஒரு சில கேள்விகளைக் கேட்பது தவறாகுமா? தாங்கள் என்ன படித்திருக்கின்றீர்கள், பதிவு எண் யாது? இந்நோய்க்கு எம்முறையில் சிகிச்சை அளிப்பீர்கள்? ஏறத்தாழ எத்தனை முறை வரவேண்டும், கட்டணம் எவ்வளவு? நாங்கள் சொல்லுவன இரகசியமாக இருக்குமா? தேவைப்பட்டால் மருந்துக்கு எவரிடம் அனுப்புவீர்கள்? பெண்களுக்குப் பெண் உளவியலாளரே வேண்டுமெனில், அதனையும் தயங்காமல் கேட்கலாம். தொழுகையையும் நோன்பையும் மதித்துப் பேசுகின்றாரா என்பதையும் கவனியுங்கள். அவர் நம் சமயத்தவராக இருத்தல் அவசியமில்லை. நம் வாழ்வை ஏளனம் செய்யாதவராக இருத்தல் அவசியம்.

எவரிடமிருந்து விலக வேண்டும் என்பதும் தெரிந்திருத்தல் நன்று. ஒரே நாளில் முற்றும் குணமாக்குவேன் என்பவர், அடித்தும் பட்டினி போட்டும் கட்டிவைத்தும் நோயை விரட்டுவதாகச் சொல்பவர், சூனியம் எடுப்பதாக ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர், மருத்துவர் தந்த மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்பவர் ஆகியோர் எந்த உடையில் வந்தாலும், எந்தப் பட்டத்தைச் சூடியிருந்தாலும் அவர்களை நாடாதீர்கள்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

உளவியல் சிகிச்சை என்பது வெறும் அறிவுரை கூறுதல் அன்று. பெரும்பாலும் வாரத்திற்கு ஒருமுறை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம், தனியறையில் அமர்ந்து பேசுவதாகும். வளைகுடா நாட்டிலுள்ள கணவர் இரு நாள்களாகத் தொலைபேசியில் அழைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'என்னை வெறுத்துவிட்டார்' என்னும் எண்ணம் மனைவியின் உள்ளத்தில் உடனே எழுகின்றது, அழுகை பெருகுகின்றது, உணவும் உறக்கமும் அகல்கின்றன. உளவியலாளர் அவ்வெண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாற்போல், அதற்குச் சான்று யாது, வேறு காரணம் இருக்கலாகாதா என்று அவரையே ஆராயச் செய்வார். நாளடைவில், எண்ணம் எழுந்தவுடன் அதனைத் தாமே உரைத்துப் பார்க்கும் பழக்கம் அப்பெண்மணிக்கு உண்டாகும்.

ஒளுவில் ஓயாது ஐயுறுபவருக்கு வேறு பயிற்சி. ஒருமுறை மட்டும் ஒளுச் செய்து, 'கூடவில்லையோ' என்ற பதற்றம் எழுந்தாலும் மீண்டும் கழுவாமல் அதனைப் பொறுத்திருக்கச் செய்வார்கள். திரும்பத் திரும்பப் பழகும்போது பதற்றம் மெல்லத் தணிகின்றது. உறுதியானதை வெறும் ஐயம் நீக்காது என்னும் ஃபிக்ஹ் கலையின் விதியும் இதற்கு இசைந்ததேயாகும்.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வளரும் நாடுகளில் பேறுகாலத்திற்குப்பின் ஐவரில் ஒருவர் அளவுக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, உண்டாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முதல் சில நாள்களின் கண்ணீர் தானே மாறிவிடலாம். இரு வாரங்களுக்கு மேலும் நீடித்தால், குழந்தையைக் கண்டும் தாய் மகிழவில்லையெனில், காத்திருத்தல் ஆகாது. 'நாங்கள் பெறாத பிள்ளையா?' என்று கேட்கும் மாமியாரின் சொல் அவ்வேளையில் மருந்தாகாது.

மருந்து தேவைப்பட்டால் அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கான மருந்து பயன் தரச் சில வாரங்கள் ஆகும். சற்று நலம் கண்டவுடன் நாமே நிறுத்திவிடுதல் கூடாது. ஒருவரிடம் நான்கைந்து முறை சென்றும் மனம் ஒன்றவில்லையெனில், வேறொருவரை நாடலாம். சிகிச்சையையே கைவிட்டுவிடல் வேண்டா.

இரகசியமும் சட்டமும்

'வெளியே தெரிந்தால் நிக்காஹ் நடக்குமா?' இவ்வொரு கேள்வியே பல இல்லங்களில் வாசற்கதவைத் தாழிட்டு விடுகின்றது. 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைப் பற்றிய செய்தியை இரகசியமாகக் காக்கும் கடமையை மருத்துவர்மீது சுமத்துகின்றது. அரசின் மனநலச் சேவையைப் பெறுதல் ஒவ்வொருவரின் உரிமை என்று அது கூறுகின்றது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கின்றது. உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று விதிக்கின்றது.

இன்னுமோர் அச்சத்தையும் அச்சட்டம் அகற்றியது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சை அளித்தல் அரசின் கடமை என்றும் அது கூறுகின்றது. ஆகவே, காவல் நிலையத்திற்கு அஞ்சி அத்தகையோரை வீட்டிற்குள் மறைத்து வைக்காதீர்கள். 'இனி வாழ்ந்து பயனில்லை' என்று ஒருவர் சொல்லக் கேட்டால், அவரைக் கடியாதீர்கள், தனியே விடாதீர்கள். 'சாகலாம் என்று தோன்றுகின்றதா?' என்று கனிவோடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. நெஞ்சின் பாரம் குறையவே வழி பிறக்கும். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் அகற்றிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஓதலும் மருந்தும்

கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் இறைவனிடம் பாதுகாப்புத் தேடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். எந்நோய்க்கும் மருந்துண்டு என்றும் அவர்களே அறிவித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கூறியதும் அவர்களே. அறிவு தடுமாறியவர்மீது மார்க்கக் கடமையின் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று சலுகை காட்டியதும் அவர்களே. எனவே, ஓதிப் பார்ப்பவர் ஓதட்டும். உம்மா தஹஜ்ஜுத் வேளையில் கையேந்தட்டும். காலையில் வாப்பா மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும்.

ரமலான் மாதத்தில் ஒன்றை மறவாதீர்கள். மருந்து உண்போர் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைக் கண்டு, வேளையையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். லித்தியம் போன்ற மருந்தை உண்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் தீங்கு நேரிடும். நோயாளருக்கு இறைவன் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் அவனுக்குக் கீழ்ப்படிதலேயாகும்.

ஜமாஅத்தின் கடமை

நம் ஊர்களில் துயருற்றோர் முதலில் நாடுவது பள்ளிவாசல் இமாமையே. 'ஓதித் தருகின்றேன், மருத்துவரையும் பாருங்கள்' என்று அவர் கூறும் ஒரு சொல், உறவினர் நூறு பேர் கூறும் சொல்லினும் வலிமையுடையது. ஆகவே, ஜமாஅத்துப் பொறுப்பாளர்களுக்கு ஓர் எளிய வேண்டுகோள். ஹவுளுக்கு அருகே மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குக் கீழே மூன்று வரிகள் எழுதி வையுங்கள். வட்ட மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் கிழமை ஒன்று. அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஒன்று. 14416 என்னும் எண் ஒன்று. பெண்கள் கூடும் மதரஸாவிலும் அதே மூன்று வரிகள் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் சிறிது மையும் மட்டுமே. எவரிடமும் கேட்கக் கூசி நிற்கும் ஒருவருக்கு அதுவே வழிகாட்டியாகலாம்.

உள்ளங்களைத் திருப்புகின்றவனாகிய வல்ல அல்லாஹ், துயருற்ற நெஞ்சங்களுக்கு ஆறுதலையும், நோயுற்றோருக்கு நிறைந்த ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும், நம் அனைவருக்கும் நோயை நோயென்று ஏற்கும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.